ஆறாம் வகுப்புக்கு எந்தப் பள்ளி?

கேள்வி: ரெட்டிச்சாவடி பக்கம் எங்கள் வீடு. கணவருக்குப் புதுச்சேரி எல்லைக்குள் இருக்கும் கிருமாம்பாக்கத்தில் வேலை. மகள் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் ஐந்தாவது முடிக்கப்போகிறாள், நன்றாகப் படிப்பாள். மாமியார் கடலூரில் உள்ள எய்டட் பள்ளியில் சேர்க்கச் சொல்கிறார். புதுச்சேரி அரசுப் பள்ளியில் சி.பி.எஸ்.இ. இருக்கிறது, அங்கே சேர்ப்போம் என்கிறார் கணவர். எனக்கு வீட்டு வாசலுக்கே வேன் வரும் மெட்ரிக் பள்ளி மேல் ஆசை. எது நல்லது?

பதில்: மூன்று பேரும் மூன்று பள்ளி சொல்கிறீர்கள். இலவச பஸ் பாஸில் போய்வரக்கூடிய தமிழ்நாட்டு அரசு மேல்நிலைப் பள்ளியை ஒருவர்கூடச் சொல்லவில்லை. ஒன்றியப் பள்ளியில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து, தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றவள் நான். என் ஓட்டு அந்த நான்காவது பள்ளிக்குத்தான். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் உங்கள் ஆசை. மெட்ரிக் பள்ளிகள் ஒரு காலத்தில் சென்னை, மதுரைப் பல்கலைக்கழகங்களின் கீழ் இருந்தன. 1978இல் அவற்றுக்கெனத் தனி வாரியம் வந்தது. அப்போது பாடம் வேறு, பரீட்சை வேறு. சமச்சீர் கல்வி வந்த பிறகு, 2011இலிருந்து பத்தாம் வகுப்பு வரை எல்லாருக்கும் ஒரே பாடத்திட்டம், ஒரே பொதுத்தேர்வு. பெயர்ப் பலகையில் மட்டும் ‘மெட்ரிக்’ நிற்கிறது. வேனுக்கும் ஆங்கில வழிக்கும்தான் நீங்கள் பணம் கட்டுகிறீர்கள். அதற்காகக் கட்டுவதில் தப்பில்லை, ஆனால் பாடம் உசத்தி என்று நினைத்துக் கட்டாதீர்கள்.

மாமியார் சொல்லும் எய்டட் பள்ளி மேல் எனக்கு மரியாதை உண்டு. கடலூரில் எத்தனையோ குடும்பங்களில் முதல் பட்டதாரியை உருவாக்கியவை அந்தப் பள்ளிகள். நிர்வாகம் தனியாருடையது, ஆசிரியருக்குச் சம்பளம் அரசுடையது. ஆனால் ஒரு விஷயம் கேட்டுக்கொண்டு போங்கள். 1991–92க்குப் பிறகு தொடங்கிய பள்ளிகளுக்கும், பழைய பள்ளிகளில் புதிதாகத் தொடங்கிய வகுப்புகளுக்கும் அரசு மானியம் கிடையாது. அதனால் பழைய எய்டட் பள்ளி வளாகத்துக்குள்ளேயே செல்ஃப் பைனான்ஸ் செக்‌ஷன் என்று ஆங்கில வழி வகுப்பு நடக்கும். அதே கேட், அதே யூனிஃபார்ம், ஆனால் ஃபீஸ் உண்டு. “எங்கள் பிள்ளைக்கு எந்த செக்‌ஷன்?” என்று ஆபீஸில் கேட்டுத் தெரிந்துகொண்டு பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

இனி நான் அரசுப் பள்ளி என்று சொல்வதற்கான காரணம். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்தால் மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. அது 2020இல் வந்தது. 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் எல்லாவற்றுக்கும் விரித்தார்கள். எய்டட் பள்ளிப் பிள்ளைகளுக்கு இது கிடையாது. கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்துக்கும் அதே ஆறு முதல் பன்னிரண்டு கணக்குதான். எய்டட் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களைப் பிற்பாடு சேர்த்துக்கொண்டார்கள்.

என்னிடம் ஐந்தாவது படித்த பெண் ஒருத்தியை 2016இல் ஆறாம் வகுப்புக்கு மெட்ரிக் பள்ளியில் சேர்த்தார்கள். அப்பாவுக்கு ஃபீஸ் கட்ட முடியவில்லை, எட்டாவதுக்கு அரசுப் பள்ளிக்கே திரும்பிவிட்டாள். 2023இல் கல்லூரி சேரும்போது அந்த இரண்டு வருஷத்தால் புதுமைப் பெண் பணம் கிடைக்கவில்லை. மஞ்சக்குப்பம் கடைத்தெருவில் அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, “டீச்சர், நீங்களாவது சொல்லியிருக்கக் கூடாதா?” என்று அழுதார். 2016இல் இப்படி ஒரு திட்டம் வரும் என்று எனக்கும் தெரியாது. இன்று தெரியும், அதனால் சொல்லாமல் இருக்க என் மனசு இடம் கொடுக்கவில்லை.

கணவர் சொல்வதும் வெறும் பேச்சில்லை. புதுச்சேரிக்குச் சொந்தமாகப் பாடத்திட்ட வாரியம் கிடையாது. புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ்நாட்டுப் பாடத்தையும், மாஹே கேரளத்தையும், ஏனாம் ஆந்திரத்தையும் பின்பற்றி வந்தன. இப்போது அங்கே அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ.க்கு மாறிவிட்டன. அங்கேயும் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவத்தில் 10 சதவீத ஒதுக்கீடு 2023இல் கொண்டுவந்தார்கள். ஆனால் உங்கள் குடும்ப அட்டை, இருப்பிடச் சான்று எல்லாம் கடலூர் மாவட்டம். எல்லையில் இருக்கும் கன்னியக்கோயிலைத் தாண்டிப் புதுச்சேரிக்குப் போய்ப் படித்தால் தமிழ்நாட்டு ஒதுக்கீடும் போகும், புதுச்சேரி ஒதுக்கீடும் கைக்கு வராது. தமிழ் வழியில் ஐந்து வருஷம் படித்த பிள்ளை அறிவியலையும் கணக்கையும் திடீரென்று ஆங்கிலத்தில் படிக்கவும் வேண்டும். குடும்பத்தோடு அந்தப் பக்கமே குடிபோகிறீர்கள் என்றால் அப்போது யோசிக்கலாம்.

அரசுப் பள்ளியில் சேர்க்கும் முன் ஒருநாள் காலையில் நேரில் போங்கள். அறிவியலுக்கும் கணக்குக்கும் நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா, பெண்பிள்ளைகளுக்கான கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அடுத்த ஊர் அரசுப் பள்ளியையும் போய்ப் பாருங்கள்.

கேள்வி: பாகூரில் இருக்கிறோம். பையன் நான்காவது படிக்கிறான். நவோதயா பள்ளியில் சேர்க்க என்ன செய்ய வேண்டும்?

பதில்: தமிழ்நாட்டில் நவோதயா ஒன்றுகூட இல்லை. உங்கள் புதுச்சேரியில் காலாப்பட்டில் இருக்கிறது. பாகூர் கிராமப்புறம், அங்கே 75 சதவீத இடம் கிராமப் பிள்ளைகளுக்கு. சாப்பாடு, தங்கல், படிப்பு எல்லாம் மத்திய அரசு செலவு. ஐந்தாவது படிக்கும்போது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும், தமிழிலேயே எழுதலாம். எனவே அடுத்த வருஷம் அறிவிப்பு வரும்போது விட்டுவிடாதீர்கள். இரண்டு விஷயம் இப்போதே பையனிடம் பேசுங்கள்: பதினோரு வயதில் விடுதி வாழ்க்கை. ஒன்பதாம் வகுப்பில் சில பிள்ளைகளை ஒரு வருஷம் வேறு மொழி பேசும் மாநிலத்து நவோதயாவுக்கு மாற்றி அனுப்புவார்கள். அவன் பேரும் அதில் வரலாம்.