பூஞ்சையின் சவ்வு பற்றி நீங்கள் கேட்டவை

செல்லைச் சுற்றியுள்ள மெல்லிய உறையான சவ்வில் உள்ள கொழுப்புகளுக்கும் பூஞ்சை வளர்ச்சிக்கும் என்ன தொடர்பு என்று ஒரு வாரமாகக் கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. முடிந்தவற்றுக்கு இங்கேயே பதில் எழுதுகிறேன்.

அக்கா, நான் பி.எஸ்சி. நுண்ணுயிரியல் படிக்கிறேன். பூஞ்சைக்கு உருவம் தருவது கைட்டின் சுவர்தானே? வளர்ச்சியில் சவ்வுக்கு என்ன பெரிய வேலை?

சுவர் உருவத்தைத் தாங்குகிறது, சரி. ஆனால் அந்தச் சுவரைக் கட்டும் நொதிகள் எங்கே இருக்கின்றன என்று பாரும்மா. சுவரின் சரக்கான கைட்டினையும் குளூக்கனையும் செய்யும் கைட்டின் சிந்தேஸ், குளூக்கன் சிந்தேஸ் இரண்டுமே சவ்வுக்குள் பதிந்தவை. பூஞ்சை இழை நீள்வது நுனியில்தான். பின்னாலிருந்து நுண்பைகள் ஓடிவந்து நுனிச் சவ்வோடு கலக்கின்றன, அப்படிக் கலக்கும்போது புதுச் சவ்வும் சேர்கிறது, சுவர் கட்டும் சரக்கும் வந்து இறங்குகிறது. நுனிக்குச் சற்றுப் பின்னால் இந்தப் பைகள் திரளும் இடத்துக்கு ஸ்பிட்சென்கார்ப்பர் என்று பெயர். சவ்வு விரியாமல் சுவர் மட்டும் வளர வழியே இல்லை.

சவ்வு செல்லைச் சுற்றி ஒன்றுபோலத்தானே இருக்கும், நுனி எது என்று செல்லுக்கு எப்படித் தெரிகிறது?

ஒன்றுபோல இல்லை, எனக்கு இதில் ரொம்பப் பிடித்த விஷயமே அதுதான். ஃபிலிபின் என்றொரு பொருள், சவ்வில் உள்ள ஸ்டெரால் என்ற கொழுப்பு வகையோடு ஒட்டிக்கொண்டு புற ஊதா ஒளியில் மிளிரும். கேண்டிடா ஆல்பிகன்ஸ் என்ற பூஞ்சை இழை விடும்போது அதைப் போட்டுப் பார்த்தால் நுனி மட்டும் பளிச்சென்று தெரியும். அதாவது பூஞ்சையின் முக்கிய ஸ்டெராலான எர்கோஸ்டெரால் அங்கே செறிந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். ஃபிலிபினே சவ்வைக் கொஞ்சம் குலைக்கும் என்பதால் அந்தப் படத்தை மட்டும் நம்பி முடிவு கட்டக் கூடாது. இன்னொன்று, சவ்வு இரண்டு அடுக்கு. பாஸ்பாடிடைல்செரின் என்ற எதிர்மின் சுமையுள்ள கொழுப்பை ஃபிளிப்பேஸ் என்னும் புரதங்கள் உள்ளடுக்குக்குத் தள்ளிவிட்டுக்கொண்டே இருக்கும். 'இந்தப் பக்கம் வளர்' என்று திசை காட்டும் சிடிசி42 புரதம் நிலைகொள்ள அந்த எதிர்மின் சுமை உதவுகிறது. டிஆர்எஸ்2 என்ற ஃபிளிப்பேஸை நீக்கிவிட்டால் கேண்டிடாவால் ஒழுங்காக இழை விட முடிவதில்லை.

ஆக்சிஜன் இல்லாமலே ஈஸ்ட் வளரும் என்கிறார்கள், ஆனால் பியர் காய்ச்சுபவர்கள் முதலில் காற்றுக் கலக்கிறார்களே, ஏன்?

ஆற்றலுக்கு ஆக்சிஜன் தேவையில்லை, சவ்வுக்குத் தேவை. ஓர் எர்கோஸ்டெரால் மூலக்கூறைச் செய்து முடிக்க 12 ஆக்சிஜன் மூலக்கூறுகள் செலவாகும். சவ்வு இறுகிப் போகாமல் வைத்திருக்கும் நிறைவுறாக் கொழுப்பு அமிலங்களைச் செய்யவும் ஆக்சிஜன் வேண்டும். முற்றிலும் காற்றில்லாத இடத்தில் எர்கோஸ்டெராலும் அப்படியொரு நிறைவுறாக் கொழுப்பு அமிலமான ஓலியிக் அமிலமும் வெளியிலிருந்து கொடுத்தால்தான் ஈஸ்ட் தொடர்ந்து பெருகும் என்று ஆண்ட்ரியாசென், ஸ்டியர் இருவரும் 1953, 1954-இல் காட்டினார்கள். தொடக்கத்தில் காற்றுக் கலப்பது, அடுத்த சில தலைமுறைகளுக்கான ஸ்டெராலை ஈஸ்ட் சேர்த்து வைத்துக்கொள்வதற்காக.

சார், படர்தாமரைக்கு டெர்பினாஃபின் மாத்திரை முன்பு நன்றாகக் கேட்டது, இப்போது கேட்பதே இல்லை.

சார் இல்லை, அக்கா என்றே கூப்பிடுங்கள். எர்கோஸ்டெரால் செய்யும் வழியில் தொடக்கத்தில் வரும் ஸ்குவாலீன் எபாக்சிடேஸ் நொதியை டெர்பினாஃபின் அடைக்கிறது, அதனால் எர்கோஸ்டெரால் குறைகிறது, ஸ்குவாலீன் தேங்குகிறது, பூஞ்சைக்கு இரண்டுமே கேடு. இந்தியாவில் இப்போது பரவியிருக்கும் டிரைகோஃபைட்டான் இண்டோடினியே வகையில் பலவற்றில் அந்த நொதியே மாறிப்போயிருக்கிறது. அந்தப் புரதச் சங்கிலியின் 397-ஆம் இடத்தில் ஃபினைல்அலனைன் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் லூசின் வந்துவிட்டால் மருந்து சரியாகப் பிடிப்பதில்லை. தோல் மருத்துவரிடம் போங்கள், வேறு நொதியைத் தாக்கும் இட்ராகொனசோல் போன்றவை இருக்கின்றன. தயவுசெய்து கடையில் ஸ்டீராய்டு கலந்த களிம்பை வாங்கித் தடவாதீர்கள், அரிப்பு அடங்கும், பூஞ்சை பரவும்.

தென்னையில் குருத்தழுகல். பக்கத்துத் தோட்டக்காரர் ஹெக்சகொனசோல் அடிக்கச் சொல்கிறார், அடிக்கலாமா?

வேண்டாங்க. குருத்தழுகலுக்குக் காரணமான ஃபைட்டோஃப்தோரா பூஞ்சை மாதிரித் தெரிந்தாலும் உண்மையான பூஞ்சை இல்லை. அது தானாக ஸ்டெரால் செய்வதே இல்லை, செடியிலிருந்து எடுத்துக்கொள்கிறது. ஹெக்சகொனசோல் போல ஸ்டெரால் உற்பத்தியைத் தடுக்கும் மருந்துக்கு அங்கே தடுக்க ஒன்றும் கிடையாது. அழுகிய பகுதியைச் சுத்தமாக வெட்டி எடுத்துவிட்டு, மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ பசை தடவுங்கள், சுற்றியுள்ள மரங்களுக்கும் போர்டோ கலவை தெளியுங்கள்.

ஆம்போடெரிசின் பி சிறுநீரகத்தைக் கெடுப்பது ஏன்?

அது எர்கோஸ்டெராலைப் பிடிக்கும் மருந்து. நம் செல்களில் உள்ள கொலஸ்ட்ரால் அதற்குக் கிட்டத்தட்ட அதே வடிவம், அதனால் பிடி தளர்வாக இருந்தாலும் அதையும் கொஞ்சம் பிடித்துவிடுகிறது. 2021-இல் கருப்புப் பூஞ்சை நோயாளிகளுக்கு இந்த மருந்தின் லிப்போசோம் வகையை, அதாவது நுண்ணிய கொழுப்புக் குமிழிகளில் சேர்த்த வகையைத் தேடி எல்லோரும் அலைந்தது, அதில் சிறுநீரகப் பாதிப்பு குறைவு என்பதால்தான்.

பொடுகுக்கு எண்ணெய் ஊற வைக்கலாமா அக்கா?

வேண்டாம். பொடுகோடு தொடர்புள்ள மலசீசியா என்ற பூஞ்சையால் தனக்கு வேண்டிய கொழுப்பு அமிலத்தைத் தானே செய்ய முடியாது, தலையின் எண்ணெய்ப்பசையை உடைத்துத்தான் எடுத்துக்கொள்கிறது. ஆய்வகத்தில் அதை வளர்க்கவே ஆலிவ் எண்ணெய் சேர்ப்போம். கீட்டோகொனசோல் ஷாம்பு போட்டால் உடனே அலசாமல் ஐந்து நிமிடமாவது விடுங்கள்.