பவளத்திட்டின் மேல் உடையும் அலை

கேள்வி: 2024 பாரிஸ் ஒலிம்பிக்கின் அலைச்சறுக்குப் போட்டி, பசிபிக் பெருங்கடலில் பிரான்சுக்கு உரிய டஹிட்டித் தீவின் தேயாஹுப்போவில் நடந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். சென்னையை அடுத்த கோவளத்தில் சில ஆண்டுகளாகப் பழகிவரும் நான் அங்கே சறுக்கலாமா? அந்த அலையைக் கண்டு தேர்ந்தவர்களே அஞ்சுவது ஏன்?
– வாசகர், கோவளம்

பதில்: இப்போதைக்கு வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. அங்கே அலையின் உயரத்தைவிட அஞ்ச வேண்டியது, அதன் அடியில் இருக்கும் நீரின் ஆழக்குறைவு. அன்டார்க்டிகாவைச் சூழ்ந்த தென்கடலின் புயல்களில் பிறந்து பல்லாயிரம் கிலோமீட்டர் கடந்து வரும் அலைகள், டஹிட்டியின் தென்மேற்குக் கரையை நெருங்கும்வரை ஆழ்கடலிலேயே வருவதால், வலிமை பெரிதும் குன்றாமல் வந்து சேர்கின்றன. அங்கே கடல்தரை செங்குத்தாக எழுந்து பவளத்திட்டாகிவிடுகிறது. அலையின் அடிப்பகுதி அதில் தடைபட்டு வேகம் குறைய, மேற்பகுதி முன்னால் பாய்ந்து கனத்த கூரைபோலக் கவிழ்கிறது. திட்டின் மேலிருக்கும் நீரையும் அலை தன்னுள் உறிஞ்சிக்கொள்வதால், விழுபவருக்கும் கூரிய பவளத்துக்கும் இடையே சில வேளைகளில் இடுப்பளவு நீர்கூட இருப்பதில்லை.

நீங்கள் இடது காலை முன்வைத்து நிற்பவரானால் இன்னொரு சிரமமும் உண்டு. அந்த அலை இடப்புறமாக உடைவதால், அதற்கு முதுகு காட்டியபடியே செங்குத்தான சரிவில் இறங்க வேண்டியிருக்கும். ஆடவர் பிரிவில் தங்கம் வென்ற கௌலி வாஸ்ட் டஹிட்டிக்காரர். சிறுவயது முதலே அந்த அலையில் பழகியவர். அந்தப் பழக்கத்துக்கு ஈடாக வேறெதையும் என்னால் சொல்ல முடியவில்லை.

முதலில் மாலத்தீவில், பவளத்தின் மேல் சற்று ஆழமான நீரில் உடையும் மிதமான அலைகளில், நீர்மட்டம் உயர்ந்திருக்கும் நேரமாகப் பார்த்துப் பழகுங்கள். தலைக்கவசம் அணியுங்கள். விழ நேர்ந்தால் தலைகீழாகப் பாயாமலும் காலை ஊன்ற முயலாமலும், உடலைத் தட்டையாக விரித்து விழுந்து, நீருக்குள் இரு கைகளாலும் தலையை மூடிக்கொள்ளுங்கள். பவளம் கீறிய காயத்தைச் சிறிதென்று விட்டுவிடக் கூடாது; கண்ணுக்குத் தெரியாத துணுக்குகள் உள்ளே தங்கிச் சீழ்பிடிக்கும் என்பதால், நல்ல நீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவி, கிருமிநாசினி தடவ வேண்டும்.

டஹிட்டிக்கே செல்ல வாய்த்தால், திட்டை ஒட்டிய ஆழமான கால்வாயில் நிற்கும் படகிலிருந்து அந்த அலையை மிக அருகில் பார்க்கலாம். பலகையை எடுக்கும் முன், அதன் போக்கை நன்கறிந்த உள்ளூர்க்காரர் ஒருவருடன் சில நாள் அப்படி அமர்ந்து பாருங்கள்.