மாடியில் ஜெனரேட்டர், தரைக்கடியில் பம்பு

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

ஒவ்வொரு பேரிடருக்குப் பிறகும் விசாரணைக் குழு போடுகிறார்கள், தலையணை கனத்தில் அறிக்கை வருகிறது. அடுத்த முறையும் அதே கதை. பாடம் கற்பது என்பதெல்லாம் வெறும் பேச்சுதானா?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

வெறும் பேச்சில்லை. பாதிப் பாடத்தோடு நின்றுவிடுகிறார்கள், வினை அங்கேதான். கெட்டுப்போன பொருளை மாற்றுவார்கள். அதற்கு முன்னும் பின்னும் இருப்பதைப் பார்க்கமாட்டார்கள்.

2012 அக்டோபரில் சாண்டி புயல் நியூயார்க்கைத் தாக்கியபோது, பெல்வியூ மருத்துவமனையின் அவசர ஜெனரேட்டர்கள் 13ஆம் மாடியில் பத்திரமாக இருந்தன. டீசலை மேலேற்றும் பம்புகள் இருந்ததோ தரைக்கடித் தளத்தில். அவை மூழ்கியதும், ஊழியர்கள் மாடிப்படியில் வரிசையாக நின்று டீசலைக் கைமாற்றி மேலே கொண்டுபோனார்கள். கடைசியில் நோயாளிகளை வெளியேற்ற வேண்டியதாயிற்று.

அதற்கு முந்தைய ஆண்டுதான் ஜப்பானின் ஃபுகுஷிமா அணுமின் நிலைய விபத்து. அங்கே காற்றால் குளிரும் ஜெனரேட்டர்கள் மூன்று சுனாமியில் தப்பின. ஆனால் இரண்டின் சுவிட்ச்கியர், அதாவது மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் சாதனம், கீழ்த்தளத்தில் மூழ்கிவிட்டதால் அவை இருந்தும் பயனில்லை. எஞ்சிய ஒன்றுதான் 5, 6ஆம் உலைகளைக் காப்பாற்றியது.

ஆகவே ‘ஜெனரேட்டரை உயரத்தில் வைக்கவும்’ என்று எழுதினால் போதாது. டீசல் தொட்டி, பம்பு, ஸ்டார்ட்டர் பேட்டரி, சுவிட்ச்போர்டு, கேபிள் என ஒவ்வொன்றின் அருகிலும் போய் நின்று, சுவரில் வெள்ள மட்டத்தைச் சாக்பீஸால் கோடிட்டுப் பார்க்க வேண்டும். கோட்டுக்குக் கீழே ஒன்று இருந்தாலும் மொத்த ஏற்பாடும் படுத்துவிடும். அப்புறம், மெயினை நிஜமாகவே அணைத்துச் சோதிக்க வேண்டும். லோடு (மின்சுமை) இல்லாமல் பத்து நிமிடம் ஓட்டுவது சோதனையே அல்ல. எரியாத டீசலும் கரியும் புகைக்குழாயில் படிவதுதான் மிச்சம். முழு லோடில் சில மணி நேரம் ஓடினால்தான் அடைபட்ட ஃபில்டரும் சூடேறும் ரேடியேட்டரும் தெரியவரும்.

விட்டுப்போனதை ஒவ்வொன்றாகச் சரிசெய்த நாடு வங்கதேசம். 1970 போலா புயலில் செத்தவர்கள் குறைந்தது 3 லட்சம். எச்சரிக்கை இருந்தது, கரையோரத்துக்குத்தான் ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை. அதற்காக மெகாபோனும் கொடியுமாகத் தன்னார்வலர் படை வந்தது. மாட்டை விட்டு வரமாட்டேன் என்றவர்களுக்காக உயரமான மண்மேடுகள் போட்டார்கள். 1991 புயலில் எச்சரிக்கை போய்ச் சேர்ந்தது, ஒதுங்கத்தான் போதுமான இடமில்லை. சுமார் 1,38,000 பேர் செத்தார்கள். பிறகு தூண்கள்மேல் புயல் காப்பகங்களைக் கட்டிக்கொண்டே போனார்கள். 2007 சிதர் புயலில் இறப்பு சில ஆயிரங்களோடு நின்றது.

அறிக்கையில் ஒவ்வொரு பரிந்துரைக்கும் எதிரே மூன்று கட்டம் வேண்டும்: யார் செய்வது, எந்தத் தேதிக்குள், எப்படிச் சோதிப்பது. மூன்றாவது காலியாக இருந்தால் அந்தப் பரிந்துரை நடக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

யாரைத் தண்டிப்பது என்ற விசாரணையும் தனியாகவே நடக்கட்டும். விமான விபத்துகளுக்கான சர்வதேச விதி, சிகாகோ உடன்படிக்கையின் 13ஆம் இணைப்பு, இதைப் பிரித்தே வைத்திருக்கிறது: விசாரணையின் நோக்கம் அடுத்த விபத்தைத் தடுப்பது, பழிபோடுவது அல்ல. வேலை போய்விடுமோ என்று பயப்படும் பம்பு ஆபரேட்டர், ஆறு மாதமாக வால்வு ஒழுகிக்கொண்டிருந்ததை எந்தக் குழுவிடமும் சொல்லமாட்டார்.