கேட்டால் தெரியும்: எச்2ஸ்பெக் கருவியைக் கட்டுவதும் ஓட்டுவதும்

கேள்வி: பிரௌசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் எச்டிடிபி/2 நெறிமுறையில் இயங்கும் சர்வர் ஒன்றை நாங்கள் மூவர் சேர்ந்து எழுதிவருகிறோம். அது விதிப்படி நடக்கிறதா எனப் பார்க்க எச்2ஸ்பெக் கருவியின் மூல நிரலை இறக்கி, அதன் முதன்மைக் கோப்புறையில் நின்று 'கோ பில்ட்' கட்டளையை இட்டேன். பிழைச்செய்தி எதுவும் வரவில்லை. ஆனால் இயக்குவதற்கு ஒரு கோப்பும் உருவாகவில்லை. என்ன தவறு செய்தேன்?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: கட்டளை சரிதான், அதை இட்ட இடம்தான் பொருந்தவில்லை. கோ மொழியில் 'மெயின்' என்னும் பேக்கேஜைத் தொகுத்தால் மட்டுமே இயங்கு கோப்பு கிடைக்கும். எச்2ஸ்பெக்கின் முதன்மைக் கோப்புறையில் இருப்பது பிற நிரல்கள் அழைத்துப் பயன்படுத்துவதற்கான நூலகப் பேக்கேஜ் என்பதால், கம்பைலர் அதைத் தொகுத்துப் பார்த்துப் பிழையில்லை என்று கண்டுகொண்டு, விளைவை எங்கும் எழுதாமல் முடித்துவிடுகிறது. 'சிஎம்டி' கோப்புறைக்குள் 'எச்2ஸ்பெக்' என்றொரு உட்கோப்புறை இருக்கும். கட்டளையோடு அந்தப் பாதையையும் சேர்த்துக் கொடுங்கள். கிடைக்கும் ஒற்றைக் கோப்பை எடுத்துச் செல்லும் கணினியில் கோ மொழியை நிறுவ வேண்டியதில்லை. உங்கள் மேசையில் விண்டோஸும் சோதனைக் கணினியில் லினக்ஸும் இருந்தால், கட்டும்போதே இலக்கு இயங்குதளத்தையும் செயலி வகையையும் சூழல் மாறிகளில் குறித்துவிடலாம்.

ஓட்டும்போது முகவரி, போர்ட் எண் ஆகியவற்றோடு, சர்வர் டிஎல்எஸ் என்னும் மறைக்குறியாக்க முறை வழியே பேசுவதாக இருந்தால் சிறிய 'டி' தேர்வையும், சான்றிதழ் நீங்களே கையொப்பமிட்டதாக இருந்தால் சிறிய 'கே' தேர்வையும் தர வேண்டும். 'டி'யை மறந்துவிட்டால், கருவி எச்டிடிபி/2-இன் 24 பைட் தொடக்க வாசகத்தை மறைக்குறியாக்கம் இல்லாமல் அனுப்பும். டிஎல்எஸ் வணக்கச் செய்தியை எதிர்பார்த்திருக்கும் சர்வர் அதைப் புரிந்துகொள்ளாமல் இணைப்பை அறுக்கும். திரை முழுவதும் தோல்வியாகத் தெரியும். எனவே எடுத்தவுடன் எல்லாச் சோதனைகளையும் ஓட்டாமல், சரியான ஃபிரேம்களை (எச்டிடிபி/2-இல் செய்தி பயணிக்கும் சிறு பொதிகளை) அனுப்பிச் சரியான பதில் வருகிறதா என்று மட்டும் பார்க்கும் 'ஜெனரிக்' தொகுதியை முதலில் ஓட்டுங்கள்.

கேள்வி: கருவியின் பிரிவு 6.7-இல், இணைப்பு உயிரோடு உள்ளதா என்று கேட்கும் பிங் ஃபிரேமின் நீளம் பற்றிய சோதனையில் எங்கள் சர்வர் தோற்கிறது. எதிர்பார்த்தது இணைப்பை முடிப்பதாக அறிவிக்கும் கோஅவே ஃபிரேம் அல்லது இணைப்பு மூடப்படுதல் என்றும், கிடைத்தது டைம்அவுட் (பதில் வராமல் நேரம் கடந்தது) என்றும் கருவி சொல்கிறது. எல்லா பிரௌசர்களிலும் தளம் நன்றாகவே திறக்கும்போது இதைப் பொருட்படுத்தத்தான் வேண்டுமா?
– வாசகர், திருச்சி

பதில்: பொருட்படுத்தத்தான் வேண்டும். பிரௌசர் உங்களிடம் ஒருபோதும் தவறாகப் பேசாது. இந்தக் கருவியோ தவறாகப் பேசுவதற்காகவே எழுதப்பட்டது. பிங் ஃபிரேமின் உள்ளடக்கம் சரியாக 8 பைட் இருக்க வேண்டும் என்பது விதி. கருவி வேண்டுமென்றே 6 பைட் மட்டும் அனுப்புகிறது. அதற்கு முன்னால் வரும் 9 பைட் தலைப்பைப் பதினறும எண்களில் எழுதினால் 00 00 06 06 00 00 00 00 00 என்று இருக்கும்: முதல் மூன்று பைட் நீளம், நான்காவது பைட் பிங் என்னும் வகை, அடுத்தது கொடி, கடைசி நான்கும் ஸ்ட்ரீம் (ஒரே இணைப்புக்குள் ஓடும் தனித்தனி உரையாடல்) எண். நீளமும் வகையும் இங்கே தற்செயலாக ஒரே எண்ணாக அமைந்துவிட்டதால், பாக்கெட்டைப் பிரித்துப் பார்க்கும்போது கண் ஏமாந்துவிடக் கூடும்.

டைம்அவுட் என்ற விடையைப் பார்த்தால், பெரும்பாலும் உங்கள் நிரல் நீளப் புலத்தைப் பாராமல், பிங் என்றாலே எட்டு பைட் என்று எடுத்துக்கொண்டு, வராத இரண்டு பைட்டுக்காகக் காத்திருக்கிறது. கருவியோ உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கிறது. உண்மையான போக்குவரத்தில் இந்த நிலை வந்தால், அடுத்த ஃபிரேமின் தலைப்பிலிருந்து முதல் இரண்டு பைட்டை உங்கள் நிரல் விழுங்கிவிடும். அதற்குப் பின் வரும் ஒவ்வொரு தலைப்பும் இரண்டு பைட் தள்ளியே படிக்கப்படும். நீளத்தை முதலில் சரிபார்த்து, எட்டாக இல்லாவிட்டால் ஃபிரேம் அளவுப் பிழை என்னும் 6-ஆம் எண் பிழைக் குறியோடு கோஅவே அனுப்பிவிட்டு இணைப்பை மூடுங்கள்.

இணைப்பு மூடப்பட்டாலே தேர்ச்சி என்று கருவி ஏற்றுக்கொள்வதையும் கவனியுங்கள். மூடுவதற்கு முன் கோஅவே அனுப்புவதை நெறிமுறை பரிந்துரைக்கிறதே தவிரக் கட்டாயமாக்கவில்லை என்பதால், கருவியும் அப்படியே நடந்துகொள்கிறது. ஆனால் தவறான ஃபிரேமைக் கண்டு உங்கள் சர்வர் நிலைகுலைந்து விழுந்தாலும் இணைப்பு மூடத்தான் செய்யும்! நான் எழுதிய சிறு சர்வர் ஒன்று இப்படிப் பல சோதனைகளில் தேறியது. விழும் ஒவ்வொரு முறையும் கண்காணிப்பு நிரல் அதை உடனே எழுப்பிவிட்டதால், பதிவேட்டைத் திறந்து பார்க்கும்வரை எனக்கு எதுவும் தெரியவில்லை. சோதனை ஓடும் நேரத்தில் பக்கத்து டெர்மினலில் சர்வரின் பதிவேடு ஓடிக்கொண்டிருக்கட்டும்.

கேள்வி: என் கணினியில் தேறும் சர்வர், தானியங்கிச் சோதனையில் சில நாள் தேறுகிறது, சில நாள் தோற்கிறது. தேறும் நாளிலும் சில சோதனைகள் 'தவிர்க்கப்பட்டது' என்றே வருகின்றன.
– வாசகி, பெங்களூரு

பதில்: இவை இரண்டும் வெவ்வேறு சங்கதிகள். கருவி இயல்பாக 2 விநாடிதான் காத்திருக்கும். பல வேலைகள் ஒரே நேரத்தில் ஓடும் கணினியில் அது போதாமல் போகலாம். சிறிய 'ஓ' தேர்வால் நேரத்தை நீட்டிப் பாருங்கள். நீட்டிய பிறகும் தோல்வி விட்டு விட்டு வந்தால், காரணத்தை உங்கள் நிரலில் ஒரே நேரத்தில் ஓடும் இழைகளுக்கிடையே தேட வேண்டும்.

தவிர்க்கப்படுவதற்குக் காரணம் அநேகமாக நீங்கள் சோதிக்கும் பாதையாக இருக்கும். பிரிவு 6.9.1-இன் ஒரு சோதனை, சாளர அளவை, அதாவது இப்போதைக்குப் பெறத் தயாராக உள்ள அளவை, 1 பைட் என்று அறிவித்துவிட்டு, சர்வர் ஒரு பைட்டுக்கு மேல் அனுப்பாமல் நிற்கிறதா என்று பார்க்கிறது. உங்கள் முகப்புப் பாதை உள்ளடக்கமே இல்லாமல் வேறு முகவரிக்குத் திருப்பிவிடுவதாக இருந்தால், சோதிக்க ஒரு பைட்கூட இல்லை; கருவி அதைத் தாண்டிச் செல்கிறது. பெரிய 'பி' தேர்வால், சில கிலோபைட் உரையைத் தரும் பாதையைக் கொடுங்கள். தோல்வி இருந்தால் கருவியின் வெளியேற்ற எண் 1 ஆகும்; தவிர்ப்புக்கு அப்படி ஆகாது. எனவே பச்சை விளக்கை மட்டும் பார்த்திருந்தால் இது கண்ணில் படாது.

கேள்வி: பிரிவு 5.3.1-இல், ஒரு ஸ்ட்ரீம் தன்னையே சார்ந்திருப்பதாக அறிவிக்கும் சோதனையில் மட்டும் தோற்கிறோம். எச்டிடிபி/2-இன் விதிகளை வகுக்கும் ஆர்எஃப்சி 9113 ஆவணத்தை வரிவரியாகப் படித்தும் அந்த விதி எங்களுக்குக் கிடைக்கவில்லை.
– வாசகர், மதுரை

பதில்: கிடைக்காது. அது 2015 மே மாதம் வெளிவந்த ஆர்எஃப்சி 7540-இல், எந்த ஸ்ட்ரீமுக்கு முதலிடம் என்று சொல்லும் முன்னுரிமைத் திட்டத்தைச் சேர்ந்த விதி. 2022 ஜூனில் அதற்கு மாற்றாக வந்த 9113, அந்தத் திட்டத்தைக் கைவிட்டு, அதைப் பற்றிய பகுதிகளில் பெரும்பாலானவற்றை விட்டுவிட்டது. கருவியின் பிரிவு எண்களோ பழைய ஆவணத்தைப் பின்பற்றுபவை. பழைய நெறிமுறைக்கும் இணங்குவதாக நீங்கள் அறிவித்திருந்தால் திருத்துங்கள். புதியதற்கு மட்டும் என்றால், அந்த ஒரு சோதனையை எதிர்பார்த்த தோல்வி என்று குறித்துவைத்து, காரணத்தையும் அதன் பக்கத்திலேயே எழுதிவையுங்கள்.