ரீயூனியன் தீவுக்கு ஒரு வாரம் போகிறோம். கைபேசியில் ஏழு நாளும் மழை என்று காட்டுகிறதே, பயணத்தைத் தள்ளிப்போடலாமா?

புயல் எச்சரிக்கை எதுவும் இல்லையென்றால் தள்ளிப்போட வேண்டாம். அந்த மழைப் படத்தை வைத்து ரீயூனியனில் எதையும் முடிவு செய்ய முடியாது. தீவின் பரப்பு 2,512 சதுர கிலோமீட்டர்தான். ஆனால் நடுவே பித்தோன் தே நேஜ் என்ற சிகரம் ஏறத்தாழ 3,070 மீட்டர் உயரத்துக்கு எழுந்து நிற்கிறது. தென்கிழக்கில் 2,632 மீட்டர் உயரத்தில் பித்தோன் தெ லா ஃபூர்னேஸ் எரிமலை. இவ்வளவு சின்ன இடத்தில் இவ்வளவு உயரமான மலை இருக்கும்போது, தீவு முழுவதற்கும் ஒரே வானிலை என்று ஒன்று இருக்காது. எங்கோ ஓர் ஓரத்தில் தூறினாலும் செயலி மேகப் படம் போட்டுவிடும். நீங்கள் பார்க்க வேண்டியது தீவின் எந்தப் பக்கம், எவ்வளவு உயரம், எத்தனை மணி என்பதைத்தான்.

முதலில் பக்கம். இந்தியப் பெருங்கடலில் தெற்கு 21 பாகையில் இருக்கும் இந்தத் தீவின் மீது ஆண்டின் பெரும்பகுதி கிழக்கு–தென்கிழக்கிலிருந்து வணிகக் காற்று வீசுகிறது. கடலின் ஈரத்தைச் சுமந்து வரும் அந்தக் காற்று மலையில் மோதி மேலேறும்போது குளிர்ந்து, சுமையை அங்கேயே இறக்கிவிடுகிறது. சேன் பெனுவா, சேந்த் ரோஸ், சேன் பிலிப் ஆகிய ஊர்கள் பச்சைப் பசேலென்று இருப்பது இதனால்தான். சேந்த் ரோஸுக்கு மேலே மலைச்சரிவில் ஆண்டு மழை 10,000 மில்லிமீட்டரைத் தாண்டும். சென்னையின் ஆண்டுச் சராசரி சுமார் 1,400 என்பதை நினைத்துப் பாருங்கள். மலையைத் தாண்டி மேற்கே இறங்கும் காற்று வறண்டு, சூடேறிவிடுகிறது. அதனால் சேன் ஜில், சேன் லே பக்கத்துக் கடற்கரையில் சில இடங்களில் வருடம் முழுக்கப் பெய்தாலும் 500–600 மில்லிமீட்டர்தான். கிழக்கின் தண்ணீரை மலைக்கு அடியில் சுரங்கம் குடைந்து மேற்கின் வயல்களுக்குக் கொண்டுபோகும் பெருந்திட்டம் ஒன்றையே இந்தத் தீவு நிறைவேற்ற வேண்டியிருந்தது.

மலையில் மோதி இரண்டாகப் பிளவுபடும் காற்று, வடக்கே சேன் தெனி பக்கமும் தெற்கே சேன் பியேர் பக்கமும் நெருக்கிக்கொண்டு ஓடும். ஜூலை, ஆகஸ்டில் சேன் பியேர் கடற்கரையில் மணல் முகத்தில் அடிக்கும். அதே நேரம் சேன் ஜில்லில் இலை அசையாது. கடற்கரையில் தங்க ஓர் ஊர் மட்டும் தேர்ந்தெடுப்பதென்றால் மேற்குக் கரையைத்தான் சொல்வேன்.

அடுத்து உயரம். நூறு மீட்டர் ஏறினால் சுமார் 0.65 பாகை செல்சியஸ் குறையும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். கடற்கரையில் 28 பாகை இருக்கும்போது 2,200 மீட்டரில் உள்ள மாயிதோ காட்சிமுனையில் 14 இருக்கும். விடியலுக்கு முன் போனால் இதிலும் கீழே இறங்கிவிடும். தெற்கு அரைக்கோளம் என்பதால் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அங்கே குளிர்காலம். அந்த மாதங்களில் 1,600 மீட்டர் உயரத்து பிளேன் தெ காஃப்ர் சமவெளியில் புல் மேல் உறைபனி விழும். பித்தோன் தே நேஜ் உச்சியில் சூரிய உதயம் பார்க்கப் போகிறவர்கள் இரவில் கிளம்பி, உச்சியில் வியர்வை காயாமல் காத்திருக்கிறார்கள். வெப்பநிலை பூஜ்ஜியத்துக்கு அருகில், மேலே காற்று வேறு. பையில் மாற்று உள்சட்டை ஒன்று, கம்பளிக் குல்லாய், கையுறை கட்டாயம். "வெப்பமண்டலத் தீவுதானே" என்று அரைக்கை சட்டையோடு ஏறி நடுங்குகிறவர்கள் அங்கே ஏராளம். குடை எடுத்துப் போக வேண்டாம், முகட்டில் ஒரு நிமிடம் தாங்காது. தலைமூடியுள்ள மழைச்சட்டைதான் உதவும்.

மூன்றாவது, மணி. பயணிகள் அதிகம் ஏமாறுவது இதில்தான். அதிகாலையில் மலை துல்லியமாகத் தெரியும். வெயில் ஏற ஏறச் சரிவுகள் சூடாகி, கடலிலிருந்து ஈரக் காற்று சரிவைப் பிடித்து மேலே ஏறத் தொடங்கும். ஒன்பது, பத்து மணிக்கு ஆயிரம் மீட்டருக்கு மேலே மேகம் கட்டும். பதினொன்றுக்கு மாயிதோவில் நின்றால் கீழே மஃபாத் பள்ளத்தாக்குக்குப் பதிலாக வெள்ளைச் சுவர்தான் தெரியும். பிற்பகலில் நடுமலையில் மழை. பொழுது சாய்ந்ததும் காற்று திசை மாறிச் சரிவில் இறங்கும், மேகம் கரையும், இரவில் மறுபடி நட்சத்திரம். ஆண்டின் எல்லா மாதங்களிலும் பெரும்பாலான நாட்கள் இப்படித்தான். காலை பத்து மணிக்கு விடுதியில் சிற்றுண்டியை முடித்துவிட்டு மேலே பார்த்து "இன்றைக்கும் மேகம்" என்று சலித்துக்கொள்பவர் தவறவிட்டது அன்றைய மிகச் சிறந்த மூன்று மணி நேரத்தை. மாயிதோவுக்கு காலை ஏழு மணிக்குள் போய்ச் சேருங்கள்.

எரிமலைப் பக்கம் கொஞ்சம் வேறு. ஏறக்குறைய 2,000–2,500 மீட்டரில், மேலே வெப்பமான வறண்ட காற்று ஒரு மூடியாக உட்கார்ந்து மேகத்தைக் கீழேயே நிறுத்திவிடும் நாட்கள் நிறைய, குறிப்பாகக் குளிர்காலத்தில். அதனால் வழியெல்லாம் மூடுபனியில் ஏறி, 2,311 மீட்டரில் எரிமலையைப் பார்க்கும் முனையான பா தெ பெல்கோம்ப் போனதும் நீல வானத்தில் வெளிவரலாம். கீழே மழை என்று பாதியில் திரும்பிவிடாதீர்கள். மேலே உள்ள நேரடிக் கேமராப் படத்தைக் கிளம்புமுன் பாருங்கள். ஆனால் மூடி உடைந்து மேகம் புகுந்தால் எரிமலைக் குழம்பு உறைந்த அந்த வெளியில் அடுத்த அடி தெரியாது. பாறையில் வெள்ளை வண்ணக் குறிகள்தான் வழி. ஒரு குறியில் நின்று அடுத்த குறி கண்ணுக்குத் தெரியாவிட்டால் அங்கேயே நில்லுங்கள், மேகம் விலகியதும் நடங்கள்.

மழை உண்மையில் ஆபத்தாவது ஓடைகளில். தீவின் செங்குத்தான வறட்டு ஓடைகளை ராவீன் என்பார்கள். சாலை அவற்றைக் கடக்கும் தாழ்வான தரைப்பாலம் ராதியே. நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கும், பத்து கிலோமீட்டர் மேலே கொட்டிய மழை சில நிமிடங்களில் பாறையும் மரமுமாக வந்துவிடும். தண்ணீர் ஓடும் ராதியேயில் காரை இறக்கவே கூடாது. முப்பது சென்டிமீட்டர் ஓட்டமே சின்ன வண்டியை நகர்த்தப் போதும். கலங்கல் நீருக்கடியில் தளம் பெயர்ந்திருந்தால் தெரியவும் தெரியாது. அருவிக் குளத்தில் குளிக்கும்போது நீர் திடீரென்று கலங்கினாலோ, சருகு மிதந்து வந்தாலோ, மட்டம் ஏறினாலோ உடைமைகளை விட்டுவிட்டுக் கரையேறி உயரத்துக்குப் போங்கள்.

நவம்பர் முதல் ஏப்ரல் வரை வெப்பமும் மழையும் கூடிய பருவம். ஜனவரி–மார்ச் புயல்களின் உச்சம். புயல் மழையில் உலக உச்சங்கள் பல இந்தத் தீவுக்கே சொந்தம். 1966 ஜனவரியில் டெனிஸ் புயலின்போது ஃபோக்–ஃபோக் என்ற இடத்தில் 24 மணி நேரத்தில் 1,825 மில்லிமீட்டர். 2007 பிப்ரவரியில் கமேத் புயலில் கொமெர்சோன் எரிவாய் அருகே 72 மணி நேரத்தில் 3,930 மில்லிமீட்டர். கமேத் தீவின் மீது ஏறவே இல்லை. தள்ளி நின்று மெதுவாக நகர்ந்தபடி ஈரக் காற்றை மலைமீது நாள்கணக்கில் ஏவிக்கொண்டே இருந்தது. சேன் எத்தியேன் ஆற்றுப் பாலம் ஒன்று அதில் இடிந்தது. ஆகவே "புயல் விலகிப் போகிறதாம்" என்ற செய்தி காற்றுக்குத்தான் ஆறுதல், மழைக்கு இல்லை.

எச்சரிக்கை முறை தெளிவானது. மஞ்சள் முன்னெச்சரிக்கை வந்தால் மலைக்குள் போகாமல், குடிநீர், டப்பா உணவு, டார்ச், மின்கலம், எரிபொருள் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆரஞ்சு என்றால் ஒரு நாளுக்குள் ஆபத்து. பள்ளிகள் மூடப்படும், நடைபாதைகளிலும் பள்ளத்தாக்குகளிலும் இருக்கக் கூடாது. சிவப்பு நடைமுறைக்கு வந்ததும் வெளியே போவதற்குத் தடை. வீடு சேர அதற்குமுன் சில மணி நேர அவகாசம் அறிவிக்கப்படும். ஊதா என்றால் மீட்புப் படையும் வெளியே வராது. 2024 ஜனவரியில் பெலால் புயலுக்கு அது அறிவிக்கப்பட்டது. புயலின் கண் கடக்கும்போது காற்று சட்டென்று அடங்கும், அப்போது கதவைத் திறக்கக் கூடாது. சற்று நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து மறுபடி வீசும்.

சேன் அந்திரே போன்ற கிழக்கத்திய ஊர்களில் காவடி பார்க்க நினைப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கரும்புத் தோட்ட வேலைக்குப் போன தமிழரின் வழித்தோன்றல்கள் கொண்டாடும் தைப்பூசம் ஜனவரி–பிப்ரவரியில், மழைப் பக்கத்தில், மழை மாதத்தில் வருகிறது. போவதென்றால் திரும்பும் விமானத்துக்கு முன் இரண்டு நாளாவது உபரியாக விடுங்கள்.

காவடி போல நாள் குறித்த காரணம் இல்லாதவர்களுக்கு மே, அல்லது செப்டம்பர் முதல் நவம்பர் நடுப்பகுதி வரை என்பதே என் பரிந்துரை. ஜூன்–ஆகஸ்ட் மோசமில்லை, ஆனால் வணிகக் காற்று வலுத்திருக்கும், மாலை ஆறு மணிக்குள் இருட்டிவிடும். தெற்குப் பெருங்கடலில் கிளம்பிய அலைகள் அப்போது மேகமே இல்லாத வானத்தின் கீழும் கரையை ஓங்கி அடிக்கும். சுறா ஆபத்தும் உள்ள கடல் என்பதால் எந்த மாதமானாலும் பவளத்திட்டு காக்கும் காயலிலும் காவலர் உள்ள இடங்களிலும் மட்டுமே குளிக்கவும்.

ஒரு வாரத்துக்கு இடங்களைத் தேதி போட்டுக் கட்டாதீர்கள். மேற்கில் நான்கு இரவு, மலைப் பள்ளத்தாக்குகளான சிலாவோஸ் அல்லது சலாசியில் இரண்டு, எரிமலைக்கு அருகே ஒன்று என்று படுக்கையை மட்டும் முன்பதிவு செய்துவிட்டு, முந்தைய மாலை பிரெஞ்சு வானிலைத் துறையான மெத்தியோ பிரான்ஸின் ரீயூனியன் இணையப் பக்கத்தில் பகுதிவாரி அறிக்கையையும் மழை ரேடாரையும் பார்த்து மறுநாளை முடிவு செய்யுங்கள். மலை தெளிவென்றால் விடியலில் மலை. இல்லையென்றால் மேற்குக் கரை. பெருமழை ஓய்ந்த மறுநாளே வெயில் அடித்தாலும் பாறை சரிவது சில நாட்கள் தொடரும். சிலாவோஸ் சாலையும் நடைபாதைகளும் திறந்தாயிற்றா என்று உறுதி செய்துகொண்டு கிளம்புங்கள், அந்த நாட்களில் குழாய்த் தண்ணீர் கலங்கலாக வந்தால் புட்டித் தண்ணீரே குடியுங்கள்.