பெயர் போடாத காசும் மூக்கறுபட்ட பேரரசரும்

கேள்வி: இணைய ஏலத்தில் பைசாந்தியச் செப்புக்காசு ஒன்று வாங்கினேன். ஒரு பக்கம் இயேசு, மறுபக்கம் நான்கு வரி எழுத்து. அரசர் பெயரே இல்லை. ஏமாந்துவிட்டேனா? (கோவை வாசகர்)

பெயர் இல்லை என்பதற்காகக் கவலைப்படாதீர்கள். பைசாந்தியம் என்பது கான்ஸ்டான்டிநோபிளைத் தலைநகராகக் கொண்ட கிழக்கு ரோமானியப் பேரரசு. அந்த வகைக் காசில் பெயர் இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்!

969இல் ஜான் சிமிஸ்கஸ் தன் மாமா முறையான பேரரசர் நிகிபோரஸை அரண்மனைப் படுக்கையறையிலேயே கொன்றுவிட்டு அரியணை ஏறினார். செப்புக்காசிலிருந்து அரசர் முகத்தை எடுத்துவிட்டு இயேசுவின் உருவத்தைப் போடச் சொன்னவர் அவர்தான் என்று அடுத்த நூற்றாண்டில் வரலாறு எழுதிய ஸ்கைலிட்சஸ் சொல்கிறார். செய்த கொலைக்குப் பரிகாரமா, உண்மையான பக்தியா, எனக்கு இரண்டும் கலந்துதான் தெரிகிறது. எப்படியோ அந்த வழக்கம் 1092 வரை நீடித்தது. இரண்டாம் பேசில் 976 முதல் 1025 வரை ஆண்டவர், பல்கேரியாவையே பிடித்தவர், அப்படிப்பட்டவரின் பெயர்கூடத் தலைநகரில் அடித்த செப்புக்காசில் கிடையாது.

உங்கள் காசில் உள்ள நான்கு வரி சொல்வது, ‘இயேசு கிறிஸ்து, அரசர்களுக்கெல்லாம் அரசர்’. சேகரிப்பாளர்கள் இந்தக் காசுகளை ஏ, பி, சி என்று வகை பிரித்திருக்கிறார்கள், உங்களுடையது ஏ வகை, அதாவது ஏறக்குறைய 970 முதல் 1030 வரை. பெயரும் ஆண்டும் இல்லாத காசுகளை எப்படி வரிசைப்படுத்தினார்கள் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். பழைய காசை உருக்காமல் அதன் மேலேயே புது அச்சை வைத்து அடிப்பது அக்கசாலையில் (காசு அடிக்கும் இடத்தில்) சகஜம், அதனால் புது உருவத்துக்கு அடியில் பழைய எழுத்தின் மிச்சம் எட்டிப் பார்க்கும், எது மேலே இருக்கிறதோ அது பிந்தையது, இப்படி ஆயிரக்கணக்கான காசுகளைப் பார்த்துப் பார்த்துச் சேர்த்த வரிசை அது. உங்கள் காசையும் சாய்ந்த வெளிச்சத்தில் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். இயேசுவின் கையிலிருக்கும் புத்தக அட்டையில் எத்தனை புள்ளி, தலைக்குப் பின்னால் உள்ள சிலுவையின் கைகளில் என்ன அலங்காரம் என்று குறித்துவையுங்கள், ஏ வகைக்குள் உட்பிரிவு பார்ப்பதே அதை வைத்துத்தான்.

கேள்வி: காசில் பச்சையாகப் பிடித்திருக்கிறது. புளி போட்டுத் தேய்க்கலாமா? (மதுரை வாசகி)

வேண்டவே வேண்டாம். குத்துவிளக்குக்குப் புளி சரி, ஆயிரம் வருடக் காசுக்கு அது எமன். நான் தொடக்கத்தில் ஒரு காசை அப்படித் தேய்த்து, பளபளவென்று எழுத்தே இல்லாத செப்புத் தகடாக்கிவிட்டேன், இன்றும் அதைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. கெட்டியாக, வழவழப்பாக இருக்கும் களிம்பு காசைக் காக்கிறது, அதை விட்டுவிடுங்கள். விரலில் மாவு போல் உதிரும் வெளிர்பச்சைதான் நோய். அந்தக் காசை மற்றவற்றிலிருந்து பிரித்து, காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, நீரை அடிக்கடி மாற்றி, நன்றாக உலர்த்துங்கள்.

கேள்வி: ஒரே ஒரு தங்கக்காசு வாங்கலாம் என்றால் யாருடையதைச் சொல்வீர்கள்? (திருச்சி வாசகர்)

கையில் பணம் இருந்தால் பேரரசர் இரண்டாம் ஜஸ்டினியன். காசின் முகப்பில் இயேசுவின் முகத்தை முதலில் போட்டவர் அவர்தான், தன்னைப் பின்பக்கத்துக்குத் தள்ளி ‘கிறிஸ்துவின் அடியான்’ என்று எழுதிக்கொண்டார். 695இல் கவிழ்த்து, மூக்கை அறுத்து, கிரிமியாவுக்கு நாடு கடத்தினார்கள். அங்கம் குறைந்தவன் ஆளக்கூடாது என்ற வழக்கத்தை மீறி 705இல் பல்கேரியர் படையோடு திரும்பி, தலைநகருக்குத் தண்ணீர் வரும் கால்வாய்க் குழாய் வழியாக உள்ளே புகுந்தார். அதற்குப் பிறகு அடித்த காசில் சிறுவனான மகன் திபேரியஸும் அவரும் ஒரே சிலுவையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள், மூக்கு முழுசாக இருக்கிறது. 711இல் இருவரையும் கொன்றுவிட்டார்கள், அந்தப் பிள்ளைக்கு ஆறு வயது. விலை அதிகம்தான். வாஷிங்டனில் உள்ள டம்பார்ட்டன் ஓக்ஸ் என்ற ஆய்வு நிறுவனம் தன் சேகரிப்பை இணையத்தில் வைத்திருக்கிறது, வாங்குமுன் அதில் அசல் காசுகளைப் பார்த்துக் கண்ணைப் பழக்குங்கள். எடை சுமார் 4.5 கிராம் இருக்க வேண்டும், விளிம்பில் ஒட்டுக்கோடு தெரிந்தால் வார்த்த போலி.

பதினோராம் நூற்றாண்டுத் தங்கக்காசு மலிவாக வந்தால் யார் ஆட்சி என்று பார்த்து வாங்குங்கள். எழுநூறு வருடம் தரம் மாறாமல் வந்த தங்கம் பேரரசர் நான்காம் மைக்கேல் காலத்தில் சரியத் தொடங்கி, 1080களில் பெயருக்குத்தான் தங்கம் என்றானது. 1092இல் பேரரசர் அலெக்ஸியோஸ்தான் கிண்ணம் போலக் குழிந்த புதுக்காசு அடித்துத் தரத்தை நிமிர்த்தினார்.

கேள்வி: இந்தக் காசுகள் நம் பக்கம் வந்ததுண்டா? (யாழ்ப்பாண வாசகர்)

நாம் மேலே பேசியவை வந்ததாகத் தெரியவில்லை, அவற்றுக்கு முந்தியவை வந்தன. கர்நாடகத்தின் அக்கி ஆலூரில் ஐந்தாம், ஆறாம் நூற்றாண்டுப் பேரரசர்களான இரண்டாம் தியோடோசியஸ் தொடங்கி முதலாம் ஜஸ்டின் வரையிலான தங்கக்காசுகள் புதையலாகக் கிடைத்திருக்கின்றன. தென்னிந்தியாவில் கிடைத்த இவ்வகைக் காசுகள் பலவற்றில் தலைக்கு மேலே துளை இருக்கிறது, நகையாக அணிந்திருக்கிறார்கள். உங்கள் இலங்கைக்கே ஒரு கதை உண்டு. ஆறாம் நூற்றாண்டில் காஸ்மாஸ் என்ற கிரேக்கப் பயணி எழுதிவைத்தது. சோபட்ரோஸ் என்ற ரோமானிய வணிகரும் ஒரு பாரசீகரும் இலங்கை அரசன் முன்னால் நிற்கிறார்கள், யாருடைய அரசர் பெரியவர் என்று அரசன் கேட்கிறான். பாரசீகர் பெருமை பேசி முடித்ததும் சோபட்ரோஸ், ‘இரண்டு அரசர்களும் இங்கேயே இருக்கிறார்கள், நீங்களே பாருங்கள்’ என்று இரண்டு நாட்டுக் காசையும் கொண்டுவரச் சொல்கிறார். பாரசீகக் காசு வெள்ளி, சோபட்ரோஸ் நாட்டுக் காசு தங்கம். அரசன் இரண்டையும் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டுத் தங்கத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னான்.