ஓடாமல் நிற்கும் சிக்னல்

கேள்வி: என் 1966 ஃபோர்டு மஸ்டாங்கின் பின்விளக்கில் மூன்று பட்டைகளும் ஒவ்வொன்றாக எரியும்படி எல்.இ.டி. பலகை மாட்டினேன். இண்டிகேட்டர் போட்டால் ஒரு தடவை ஓடி, அப்படியே எரிந்து நிற்கிறது. பலகை பழுதா?

பதில்: அவசரப்பட்டுத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். நானும் ஒரு ஞாயிறு முழுக்க டிக்கிக்குள் தலையை விட்டுப் பலகையைத் திட்டியவன்தான். கோளாறு டாஷ்போர்டுக்கு அடியில் இருந்தது. இண்டிகேட்டரை விட்டுவிட்டு எரியவைக்கும் பழைய ஃபிளாஷர், பல்பு இழுக்கும் கரண்டில் சூடாகி வளைந்து துண்டிக்கும் தகடு. எல்.இ.டி. இழுப்பது சொற்பம், தகடு சூடாவதே இல்லை. எலக்ட்ரானிக் ஃபிளாஷர் போடுங்கள். அதற்குத் தனி எர்த் வயர் இருந்தால் பெயின்ட் இல்லாத இரும்பில் முடுக்குங்கள். எல்லா இண்டிகேட்டரும் சேர்ந்து மினுக்கும் ஹசார்டுக்கு வேறொரு ஃபிளாஷர் உண்டு, அதையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள்.

இன்னொன்று. இந்த வண்டியில் பிரேக்குக்கும் இண்டிகேட்டருக்கும் ஒரே வயர். பிரேக்கை மிதித்தபடி சிக்னல் போட்டு, ஒரு பக்கம் ஓட மறுபக்கம் நிலையாக எரிகிறதா என்று யாரையாவது பின்னால் நிற்கவைத்துப் பாருங்கள்.

'ஒரிஜினல் இல்லையே' என்று யாராவது முகம் சுளித்தால் கண்டுகொள்ளாதீர்கள். 1965 தண்டர்பேர்டு காரிலேயே ஃபோர்டு இப்படி ஒவ்வொன்றாக ஓடும் சிக்னலைக் கொடுத்துவிட்டது. 1967 மெர்க்குரி கூகரில் இதற்கென்றே டிக்கியில் ஒரு குட்டி மோட்டார் சுற்றும். அந்தக் கரகர சத்தத்துக்கு நான் அடிமை!